பள்ளி மேலாண்மைக் குழு: சுற்றுச்சுவருக்கு முழு மதிப்பெண், வாசிப்புக்குப் பாதிகூட இல்லை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்குக் காசு பணம் இல்லாமல் கிடைக்கும் ஒரு சேவை உண்டு. பெயர் பள்ளி மேலாண்மைக் குழு. பள்ளி வாசலில் நின்று அப்படிக் கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள், எஸ்.எம்.சி. என்றால் உடனே புரியும். இந்தச் சேவை சொன்னதைச் செய்கிறதா, பிள்ளையின் படிப்புக்கு என்ன பயன், எங்கே சொதப்புகிறது என்பதுதான் இந்த விமர்சனம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அமைப்பு நன்றாக வடிவமைக்கப்பட்டது. கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் என்று கேட்டு வாங்குவதில் பழைய பெற்றோர் ஆசிரியர் கழகத்தைவிடப் பல மடங்கு தேவலை. ஆனால் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்ற கேள்விக்கு வரும்போது குழுவின் வாய் அடைத்துக்கொள்கிறது. இத்தனைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கான எல்லா வழிகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

அடிப்படை விவரம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவு. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் சட்டம் வந்த பிறகு பெயரளவில் குழுக்கள் இருந்தன. தலைமையாசிரியரின் மேசை இழுப்பறைக்குள்தான் அவை கூடின. 2022 மார்ச்சில் 'நம் பள்ளி நம் பெருமை' என்ற இயக்கத்தோடு மாநிலம் முழுக்கப் பெற்றோரைக் கூட்டி, 20 பேர் கொண்ட குழுக்களாகத் திருத்தி அமைத்தார்கள். தலைவர் ஒரு தாய். பெற்றோர்தான் துணைத் தலைவரும். 2024 ஆகஸ்ட்டில் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து எண்ணிக்கை 24 ஆனது. பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3 மணி முதல் 4.30 வரை கூட்டம்.

முதல் கோளாறு உறுப்பினர் தேர்விலேயே தொடங்கிவிடுகிறது. பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் பெற்றோர் என்ற தகுதியும் போய்விடும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் அம்மாவைத் தலைவராக்கினால் அடுத்த ஜூனில் அந்த இடம் காலி. குழுவின் வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்ற வேண்டும், குழுவின் கூட்டங்களைப் பதியும் செயலியில் தலைவரின் போன் எண்ணை மாற்ற வேண்டும். இரண்டும் முடிய மாதக்கணக்கில் இழுக்கும், அதுவரை பணம் எடுக்க முடியாது. ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோரிலிருந்து தலைவரையும் துணைத் தலைவரையும் எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். அப்புறம், 'நல்லாப் பேசுவாங்க' என்பதற்காக ஒருவரைப் பிடித்துப் போடும் வழக்கம். நன்றாகப் பேசுபவரைவிட வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வந்து உட்காரக்கூடியவர் மேல். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையின் பெற்றோருக்குக் குழுவில் இடம் உண்டு. அந்த நாற்காலியைப் பெயருக்கு நிரப்பாத பள்ளிகளில் சாய்தளமும் சிறப்புப் பயிற்றுநரின் வருகையும் தானாகவே பேச்சுக்கு வந்துவிடுகின்றன.

மூன்று மணி என்பதே ஒரு பிரச்சினைதான். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரம் அரை நாள் சம்பளம். தீப்பெட்டி ஆபீஸ், பனியன் கம்பெனி, செங்கல் சூளை என்று வேலை பார்க்கும் ஊர்களில் குழுவில் தந்தையர் பெயர்கள் தாளில் மட்டுமே இருக்கும். தேதியை நேற்றைக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு இன்றைக்கு ஆள் வரவில்லை என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை. கூட்டம் முடியும்போதே அடுத்த மாதத் தேதியைச் சொல்லி, பிள்ளைகளின் நோட்டில் எழுதி அனுப்பும் பள்ளிகளில் வருகை வேறு மாதிரி இருக்கிறது. வாரத்துக்கு முன் ஒரு தாள், முந்தின நாள் ஒரு போன். இந்த இரண்டுக்கும் செலவு கிடையாது.

இனி, சேவை நன்றாக வேலை செய்யும் இடம்: கட்டடமும் வசதியும். சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது குழுவின் வேலை. மூன்று ஆண்டுக்கான திட்டம், அதற்குள் ஆண்டுவாரிப் பிரிவு. பணம் எவ்வளவு என்பதும் குழுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மத்திய அரசின் சமக்ர சிக்ஷா கல்வித் திட்ட விதிப்படி ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. நிதி ஒரே நேரத்தில் வராது, சில ஆண்டுகளில் தாமதமாகும். ஆனாலும் 'எங்கள் பள்ளிக்கு எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது' என்று கேட்கும் உறுப்பினருக்கு இந்த எண்கள் போதும். 60 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் 25,000 ரூபாயை வைத்துக்கொண்டு வகுப்பறை கட்ட முடியாது. சாக்பீஸ், மின்விசிறிப் பழுது, குழாய், துடைப்பம், வாளி என்று கரைந்துவிடும். ஆகவே பெரிய வேலை எதுவும் இந்தக் கணக்கிலிருந்து நடக்காது. கேட்க வேண்டிய இடம் வேறு.

அங்கேதான் பலரும் தவறவிடும் ஒரு வழி இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கு வரும் பாதை, தெருவிளக்கு, கழிப்பறைத் துப்புரவு எல்லாம் ஊராட்சியின் கையில். குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் உட்கார்ந்திருப்பது போட்டோவுக்காக அல்ல. தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குழுவின் தீர்மானத்தை ஒரு தாளில் எழுதி, தலைவரே நேரில் போய் கிராமசபையில் வாசித்து, அங்கேயும் தீர்மானமாகப் பதியச் செய்தால் அந்தக் கோரிக்கைக்கு இரண்டு கால் முளைக்கும். ஒன்று கல்வித்துறை வழியே நடக்கும், மற்றது ஊரக வளர்ச்சித் துறை வழியே. வட்டாரக் கல்வி அலுவலர் அலுவலகத்துக்கு ஒன்பது முறை நடந்தும் நகராத தொட்டி, மார்ச் 22 அன்று நகர்வதுண்டு. உலகத் தண்ணீர் நாளாயிற்றே, மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது.

சரி, படிப்பு?

ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் ஒரு மணி பத்து நிமிடம் சுவருக்கும் கழிப்பறைக்கும் போய்விடும். மீதியில் தேநீர். கையெழுத்து போடும் நேரத்தில், 'மாணவர்களின் கல்வித் தரத்தை மேம்படுத்தத் தீர்மானிக்கப்பட்டது' என்று ஒரு வரி. யார், எந்த வகுப்பு, எதில், எப்போதைக்குள் என்று எதுவும் இல்லை. இப்படி எழுதப்பட்ட தீர்மானம் பிள்ளைக்கு ஒரு எழுத்துகூடக் கற்றுத் தராது.

ஏன் இப்படி? சுவர் இடிந்தால் கண்ணுக்குத் தெரியும், வாசிப்பு இடிந்தால் தெரியாது என்பது ஒன்று. அதைவிட முக்கியம், மரியாதையும் பயமும் கலந்த ஒரு தயக்கம். எட்டாம் வகுப்போடு நின்ற அம்மாவுக்கு, 'டீச்சர், என் பொண்ணுக்கு எழுத்துக் கூட்ட வரலையே' என்று கூட்டத்தில் கேட்பது டீச்சரைக் குறை சொல்வதுபோல் படும். டீச்சருக்கோ, வாயைத் திறந்தால் பழி தன் தலையில் விழும் என்ற எண்ணம். இரு தரப்பும் பேசாமல் இருப்பதற்கு வசதியான தலைப்பு சுவர். அது யாரையும் புண்படுத்தாது அல்லவா!

இந்தத் தயக்கத்தை உடைக்க அறிவுரை உதவாது, ஒரு தாள் உதவும். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளில், அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது; 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் நீட்டினார்கள். அதில் பிள்ளைகளை அவர்களின் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து ஆசிரியர் பதிவு செய்கிறார். அதாவது, பெற்றோர் கேட்கத் தயங்கும் விடை ஆசிரியரிடம் ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது. குழு கேட்க வேண்டியது ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று எண்கள் மட்டுமே: அரும்பில் எத்தனை பேர், மொட்டில் எத்தனை பேர், மலரில் எத்தனை பேர். பெயர் வேண்டாம். கூட்டத்தில் பிள்ளையின் பெயரைச் சொன்னால் அந்தத் தாய் அடுத்த மாதம் வர மாட்டார். போன மாத எண்களையும் இந்த மாத எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதினால் பேச்சு தானாக வரும். பழி பேச வேண்டிய அவசியமே வராது. 'ஏழு பேர் மூணு மாசமா அதே இடத்திலேயே இருக்காங்களே, என்ன செய்யலாம்?' என்ற பேச்சாக அது மாறும்.

நிகழ்ச்சி நிரலில் இது முதலாவதாக வர வேண்டும். கடைசியில் வைத்தால் மணி அடித்துவிடும். முதல் 30 நிமிடம் கற்றல், அடுத்த 15 வருகையும் இடைநிற்றலும், பிறகு 25 நிமிடம் கட்டடம், வசதி, உணவு, கடைசி 20 தீர்மானம் எழுதி எல்லோருக்கும் வாசித்துக் காட்ட. எழுதிய பிறகு வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கும் பழக்கத்தை மட்டும் விட்டால்கூடப் பாதிப் பிரச்சினை தீரும்.

தீர்மானம் எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு மாதிரி: 'மூன்றாம் வகுப்பில் 22 பேரில் 7 பேர் தமிழ் வாசிப்பில் அரும்பு நிலையில் உள்ளனர். இவர்களுக்குச் செவ்வாய், வியாழன் மாலை 4.10 முதல் 4.40 வரை வகுப்பாசிரியர் எழுத்துப் பயிற்சி அளிப்பார். குழு உறுப்பினர் இருவர் முறை வைத்து உடனிருந்து, பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளை வீட்டில் சேர்ப்பர். அடுத்த கூட்டத்தில் எண்ணிக்கை மீண்டும் வைக்கப்படும்.' எண், ஆள், நேரம், அடுத்த தேதி என்று நான்கும் இருக்கின்றன. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்தத் தீர்மானம் நடக்காது. பெரும்பாலும் விடுபடுவது மூன்றாவது வரி. மாலை ஐந்து மணிக்குப் பெண் பிள்ளை தனியாக வர வேண்டும் என்றால் வீட்டில் அனுப்ப மாட்டார்கள். பயிற்சி வகுப்புகள் இரண்டாம் வாரத்திலேயே ஆளில்லாமல் போவதற்குப் பாடத்தைவிட இதுதான் காரணம்.

ஆசிரியரின் பதிவை நம்பாமல் தாங்களே பார்க்க விரும்பும் பெற்றோருக்கு ஐந்து நிமிடச் சோதனை ஒன்று உண்டு. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் நாடு முழுக்க நடத்தும் ஏசர் கணக்கெடுப்பின் படிநிலை இது: முதலில் எழுத்து, பிறகு சொல், பிறகு ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு சிறு பத்தி, கடைசியில் இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. பிள்ளை எந்தப் படியில் திணறுகிறதோ அதற்கு முந்தைய படிதான் அதன் நிலை. பாடப்புத்தகத்தின் முதல் பாடத்தைக் கொடுத்துச் சோதிக்கக் கூடாது. வகுப்பில் கோரஸாகச் சொல்லிச் சொல்லி அது மனப்பாடம் ஆகியிருக்கும். படத்தைப் பார்த்தே கடகடவென்று ஒப்பித்துவிடும். வேறு புத்தகத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து, படத்தைக் கையால் மறைத்து, மூன்றாவது வரியிலிருந்து வாசிக்கச் சொல்ல வேண்டும். தமிழில் முதலில் இடறுவது கொம்பு எழுத்துகளில்தான். 'பொ' என்பதில் கொம்பு முன்னால், கால் பின்னால். அதனால் 'பெ' என்று படித்துவிட்டுக் காலைக் கண்டு திகைக்கும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள குறில் நெடில் வேறுபாடும் அப்படித்தான். இது இரண்டு வாரப் பயிற்சியில் சரியாகும் கோளாறு. கவனிக்காமல் விட்டால் ஆறாம் வகுப்பு வரை கூடவே வரும்.

கணக்குக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: 52இலிருந்து 27 போனால் எவ்வளவு? 25 என்றால் சரி. 35 என்று வந்தால், பிள்ளை கடன் வாங்காமல், இரண்டு, ஏழு ஆகியவற்றில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது என்று பொருள். 'கணக்கு வரல' என்று டீச்சரிடம் சொல்வதற்கும் 'கடன் வாங்கிக் கழிக்கிறதுல நிக்குது' என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பின்னதைக் கேட்ட டீச்சர் உடனே வேலையைத் தொடங்க முடியும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்ன செய்வது என்பது கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி. பிள்ளை உரக்க வாசிக்க, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்குப் படிப்பு தேவையில்லை. விரல் வரியோடு நகர்கிறதா, கண் புத்தகத்தில் இருக்கிறதா, வாசித்து முடித்ததும் கதையைத் தன் வாயால் சொல்கிறதா என்று பார்த்தால் போதும். கடைக்கு அனுப்பும்போது 200 ரூபாய் கொடுத்து, 137 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேட்கலாம். அதுவும் கடன் வாங்கிக் கழித்தல்தான். நோட்டில் சிவப்பு மையில் தேதி கடைசியாக எப்போது போடப்பட்டது என்பதும் யாருக்கும் தெரியக்கூடியதே. இவற்றைக் கூட்டத்தில் செய்து காட்டும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 'வீட்ல படிக்க வையுங்க' என்று சொல்லி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வாக்கியத்தால் எந்த வீட்டிலும் எதுவும் நடந்ததில்லை.

செயலியைப் பற்றி. கூட்ட வருகை, தீர்மானம், மேம்பாட்டுத் திட்டம் எல்லாம் பள்ளிக் கல்வித்துறையின் டி.என்.எஸ்.இ.டி. பெற்றோர் செயலியில் ஏற்றப்படுகின்றன. தீர்மானம் பதிவேட்டோடு நின்றுவிடாமல் மேலே தெரியும்படி ஆனது பெரிய மாற்றம். ஆனால் தலைவரின் எண் அவருடைய கணவரின் எண்ணாக இருக்கும். அல்லது ரீசார்ஜ் போடாமல் செத்துப்போன எண்ணாக இருக்கும். அப்போது செயலி தலைமையாசிரியர் கைக்கே திரும்பிவிடுகிறது, குழு என்ன தீர்மானித்தது என்பதைப் பள்ளியே தட்டச்சு செய்து ஏற்றுகிறது. எழுதிய தாளைக் கூட்டம் முடிந்ததும் தலைவர் தன் போனில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் ஏறியதும் எழுதியதும் ஒன்றா என்று பார்க்கலாம். சண்டைக்காக அல்ல, ஆசிரியர் பற்றாக்குறை போன்ற ஒரு கோரிக்கை 'இதர' என்ற பெட்டிக்குள் போய் விழுந்தால் அது உரிய மேசைக்குப் போகாது.

ஆசிரியர் பற்றாக்குறை என்றதும் ஒன்று. 2022இல் 13,331 காலியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியரை இந்தக் குழுக்கள் வழியாகவே நியமிக்க அரசு சொன்னது. மாதச் சம்பளம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். எதிர்ப்பும் வழக்கும் வந்தன, பின்னர் தொகை உயர்த்தப்பட்டது. வகுப்பில் ஆளில்லாமல் இருப்பதைவிட இது மேல் என்பது உண்மை. குழுவுக்கு அது இழுத்துவிட்ட தலைவலியும் உண்மை. உறவுக்காரரை உள்ளே தள்ளும் ஊர் அரசியலைத் தாங்கும் வலு எல்லாக் குழுவுக்கும் இல்லை. தகுதிச் சான்றை எல்லோர் முன்னும் வைத்து, வகுப்பில் ஒரு பாடம் எடுக்கச் சொல்லிப் பார்த்து முடிவெடுத்தால் முணுமுணுப்பு குறையும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்: பெற்றோர் ஆசிரியர் கழகம் பல பள்ளிகளில் இன்னும் தனியாக ஓடுகிறது. நன்கொடை வாங்கவும் ஆண்டு விழா நடத்தவும் அது கெட்டி. பள்ளித் திட்டத்தில் அதற்குச் சட்டப்படி பிடி எதுவும் இல்லை. அரசு உதவி பெறும் பள்ளிகளில் குழு உண்டு, ஆனால் 2012 திருத்தத்துக்குப் பின் ஆலோசனை சொல்வதோடு சரி. உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவே பொருந்தாது. அங்கே லட்சம் ரூபாய் கட்டணம் கட்டுகிறவர், மதிப்பெண் அட்டையில் கையெழுத்து போட வரிசையில் நின்று ஐந்து நிமிடம் பேசிவிட்டு வருகிறார். அரசுப் பள்ளியில் கட்டணமே கட்டாத தாய் சட்டப்படி பள்ளியின் திட்டத்தை எழுதுகிறார். இந்த வித்தியாசம் தெரிந்த பெற்றோர் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

குழுவில் பேசியும் நகரவில்லை என்றால் வட்டார வளமையத்தின் ஆசிரியர் பயிற்றுநர், வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்ற வரிசையில் போக வேண்டும். படிப்பு சம்பந்தமான விஷயத்துக்கு முதல் ஆளே போதும். அவர் வகுப்பைப் பார்க்க வருகிறவர். நேரே மேலே தாவினால் கோப்பு அதே வழியில் கீழே இறங்கி வரும், நாள்தான் வீண். பொதுவான சந்தேகங்களுக்கு 14417 என்ற கல்வி உதவி எண் இருக்கிறது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. அதற்குக் கூட்டம் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

மதிப்பெண்: வசதிகளைக் கேட்டுப் பெறுவதில் ஐந்துக்கு நாலு. வெளிப்படைத்தன்மைக்கு மூன்று. கற்றலுக்கு ஒன்றரை, அந்த மூன்று எண்களைக் கரும்பலகையில் எழுதும் பள்ளிகளுக்கு மட்டும் மூன்றரை. 2024 ஆகஸ்ட்டில் அமைந்த குழுக்களின் காலம் 2026இல் முடிகிறது. அடுத்த தேர்வுக்குப் போகிறவர்கள் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளையின் தாய் ஒருவரை, அவருடைய சொந்த போன் எண்ணோடு, தலைவராக முன்மொழியுங்கள்.